படமும் குரலும் சேர்ந்து கதை சொல்ல: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காஞ்சிபுரத்தில் தறி நெய்த என் தந்தையைப் பற்றி மூன்று நிமிடக் கதை ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். கையில் எழுபது படங்கள் உள்ளன. முதலில் படங்களை வரிசைப்படுத்துவதா, குரலைப் பதிவு செய்வதா?

பதில்: குரலைத்தான். படங்களை அடுக்கிவிட்டு அவற்றுக்கு ஏற்பப் பேசத் தொடங்கினால், பேச்சு ஒவ்வொரு படத்துக்கும் எழுதிய விளக்கக் குறிப்பாகச் சுருங்கிவிடும். எழுதியதை உரக்கப் படித்து, மூச்சு வாங்கும் வாக்கியங்களை உடைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே படங்களைத் தேர்ந்தெடுங்கள். எழுபதில் இருபத்தைந்து எஞ்சினாலே அதிகம்.

குரல் சொல்வதையே படமும் காட்டிக்கொண்டிருப்பதுதான் இவ்வகைக் கதைகளில் நான் அதிகம் காணும் குறை. 'அப்பா நெய்வதை நிறுத்திவிட்டார்' என்று சொல்லும்போது நின்றுபோன தறியைக் காட்டினால், பார்ப்பவர் தாமாக உணர ஏதும் மிஞ்சாது. குறுக்கு நூலைச் சுமந்து ஓடிய, இப்போது ஆணியில் தொங்கும் நாடாவையோ, அவர் கால் மிதித்துத் தேய்ந்த கட்டையில் படிந்திருக்கும் தூசியையோ காட்டிப் பாருங்கள். அந்த வாக்கியமே தேவையில்லை என்றுகூடத் தோன்றலாம். அக்கம்பக்கத்தில் ஓடும் தறியின் ஓசையைத் தனியே பதிந்து வைத்துக்கொண்டு, தந்தையின் முகம் தோன்றுவதற்கு இரண்டு விநாடி முன்பே ஒலிக்கவிடுங்கள். அவ்விடத்தில் நீங்கள் பேசாமலிருப்பது நல்லது.

கேள்வி: ஒரு படம் எத்தனை விநாடி நிற்கலாம்?

பதில்: பொதுவாக நான்கு முதல் ஏழு வரை. ஆனால் வாக்கியம் முடியும்போதெல்லாம் படத்தை மாற்றினால் சலிப்புத் தட்டும். சில இடங்களில் வாக்கியத்தின் நடுவிலேயே மாற்றுங்கள். கல்யாண வீடியோக்களில் வரும் சுழலல், புரளல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: படத்தை மெல்லப் பெரிதாக்கும்போது மங்கிவிடுகிறதே?

பதில்: படத்தில் போதிய புள்ளிகள் (பிக்சல்கள்) இல்லை. 1920×1080 அளவுள்ள காணொளியில், 6000×4000 புள்ளிகள் கொண்ட படத்தை மூன்று மடங்குவரை தெளிவு கெடாமல் நெருங்கலாம். வாட்ஸாப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும் என்பதால், மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கைபேசியில் பேசிப் பதிந்தால் குரல் எதிரொலிக்கிறது.

பதில்: வெறும் சுவர்களே காரணம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். கைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப' வரும் இடங்களில் காற்று மோதாது. பேச்சு முடிந்ததும் யாரும் அசையாமல் அரை நிமிடம் அறையின் அமைதியையும் பதியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அதுவே மாதிரியாகும். வெட்டிய இடைவெளிகளில் ஒட்டவும் உதவும், ஏனெனில் முற்றிலும் ஒலியற்ற இடைவெளி காதுக்கு உடனே உறுத்தும்.

கேள்வி: பின்னணியில் பழைய திரைப்பாடல் சேர்க்கலாமா?

பதில்: அனுமதி பெறாமல் கூடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்கள் காலமான பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அனுமதி கிடைத்தாலும் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம்; கேட்பவர் உங்கள் பேச்சை விட்டுவிட்டுப் பாட்டைப் பின்தொடர்வார்.