மூடுகல் மேலே ஏறியது எப்படி? பெருங்கற்காலக் கட்டுமானம் குறித்த கேள்வி பதில்

கல்திட்டை (நிலத்துக்கு மேல் பலகைக்கற்களால் கட்டிய ஈமச்சின்னம்), கல்பதுக்கை (நிலத்துக்குள் குழியில் கட்டிய கல்லறை), நெடுங்கல் (இறந்தோர் நினைவாக நிறுத்திய உயரமான கல்) ஆகியவற்றை இயந்திரம் இல்லாத காலத்து மக்கள் எப்படிக் கட்டினார்கள் என்று குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. என் தந்தை மயிலாடியில் கல்தச்சராக இருந்தவர். நான் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பட்டறையில் கேட்டறிந்ததையும் பாடமாகக் கற்றதையும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து: டீச்சர், கேரளத்தின் மறையூரில் முனியறைகள் எனப்படும் கல்திட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். கிரேன் இல்லாமல் மனிதர்களால் அந்தப் பலகைக்கற்களை இழுத்திருக்க முடியுமா? எத்தனை பேர் தேவைப்பட்டிருக்கும்?

முடியும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு மூடுகல்லை, அதாவது கூரையாகக் கிடக்கும் பலகையை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 1.8 கன மீட்டர். கருங்கல்லின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் என்பதால், கல் ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதை மரச்சட்டத்தில் கிடத்திக் காய்ந்த தரையில் இழுத்தால், எடையில் ஏறத்தாழ பாதியளவுக்கு இழுவிசை வேண்டும். அதாவது இரண்டரை டன். ஒருவர் களைத்துப் போகாமல் தொடர்ந்து 30 கிலோ அளவுக்கு இழுக்கக்கூடும் என்று கொண்டால், எண்பது பேர் போதும். தரையில் மரங்களைப் பாவி, அவற்றின் மேல் ஈரக் களிமண்ணோ கொழுப்போ பூசினால் உராய்வு பாதியாகக் குறையும். அப்போது நாற்பது பேரே இழுத்துவிடுவார்கள். பத்தடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் ஏற்றுவதானால் இன்னும் பதினாறு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது ஒரு சிற்றூரின் ஆள்பலம். உறவுமுறையுள்ள இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்தால் இன்னும் எளிது.

நம் கடற்கரையில் வள்ளத்தைக் கரையேற்றுவதையும் கரைமடி வலையை இழுப்பதையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அங்கே தனி ஒருவரின் வலிமையைவிட, எல்லோருடைய கையும் ஒரே நொடியில் வடத்தை இழுப்பதுதான் வேலையை முடிக்கிறது. ஏலேலோ என்று பாடுவது அந்த நொடியைக் குறித்துக் கொடுப்பதற்காகத்தான்.

கொல்லங்கோட்டிலிருந்து: உருளைக்கட்டைகளை அடியில் போட்டு உருட்டியிருப்பார்கள் என்றுதானே பள்ளிப் புத்தகத்தில் படித்தோம்? இப்போது சிலர் அதை மறுக்கிறார்களே?

அறிஞர்களிடையே உண்மையாகவே விவாதம் நடக்கும் இடம் இதுதான். உருளை சமமான, இறுகிய தரையில் நன்றாக வேலை செய்யும். மேடுபள்ளமான நிலத்தில் கட்டைகள் கோணிக்கொள்ளும், ஈரமண்ணில் புதையும், ஒரே தடிமனில் இல்லாவிட்டால் பாரம் முழுவதும் இரண்டு மூன்று கட்டைகளின் மேல் விழுந்து அவை நசுங்கும். எனவே உருளையை அப்படியே தரையில் போடாமல், முதலில் மரத் தண்டவாளம் அமைத்து அதன் மேல் போட வேண்டும். பிரான்சில் பூகோன் என்னும் இடத்தில் 1979இல் தொல்லியலாளர் மோஎன் நடத்திய சோதனையில் அப்படித்தான் செய்தார்கள். 32 டன் எடையுள்ள கல்லை ஏறத்தாழ 200 பேர் நகர்த்திக் காட்டினார்கள். பெரும்பாலோர் முன்னால் இழுக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து நெம்பினார்கள்.

உருளையே இல்லாத முறைக்கும் சான்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2016இல் ஒரு டன் கல்லை மரச்சறுக்கில் (சக்கரம் இல்லாமல் வழுக்கிச் செல்லும் மரச்சட்டத்தில்) ஏற்றி, குறுக்கே அடுக்கிய மரங்களின் மேல் இழுத்தபோது, பத்துப் பேரே ஐந்து நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் இழுத்துவிட்டார்கள். எகிப்தில் சேகுத்திகோத்தெப்பு என்பவரின் கல்லறை ஓவியத்தில், பெரிய சிலையை வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்க, சறுக்கின் முன்னால் ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். நெடுங்காலம் சடங்கென்று கருதப்பட்ட அந்தச் செயல், அளவாக ஈரமாக்கிய மணலில் இழுவிசையைப் பாதியாகக் குறைக்கிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014இல் காட்டினார்கள். ஈஸ்டர் தீவில் 4.35 டன் எடையுள்ள மாதிரிச் சிலையை நிற்கவைத்து, பதினெட்டுப் பேர் மூன்று வடங்களால் இருபுறமும் அசைத்து அசைத்து 'நடக்க' வைத்தார்கள். நாற்பது நிமிடங்களில் நூறு மீட்டர் சென்றது.

எனக்கு இவற்றையெல்லாம்விட வலுவான சான்றாகப் படுவது நாகாலாந்தும் இந்தோனேசியாவின் சும்பா தீவும்தான். கவட்டை மரத்தின் அடிப்பகுதியைச் சறுக்காகச் செதுக்கி, அதன் மேல் கல்லைக் கட்டி, ஊர் முழுவதும் சேர்ந்து இழுக்கும் வழக்கம் அங்கே அண்மைக்காலம் வரை நேரில் பார்த்துப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. தொலைவில் உள்ள இரண்டு சமூகங்கள் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. நம் தென்னிந்தியப் பெருங்கற்களுக்கும் சறுக்கே முதன்மையான கருவியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

மயிலாடியிலிருந்து: அக்கா, நாங்கள் இன்றைக்கும் உளியும் சம்மட்டியும் பிடிப்பவர்கள். எஃகு உளி இருந்தும் எங்களுக்குக் கை வலிக்கிறது. அவர்கள் எப்படி இத்தனை பெரிய பலகைகளைப் பிளந்தார்கள்?

தம்பி, நீங்கள் கேட்பதே பாதி விடை. கல்லுக்கு ஓட்டம், அதாவது எளிதில் பிளக்கும் திசை, உண்டு என்பதும், ஓட்டத்துக்கு எதிராக அடித்தால் கை வலிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் பாறையின் உள்ளிருந்து வெட்டி எடுக்கவில்லை. பாறை தானாகவே பிரியும் இடத்தில் எடுத்தார்கள். பூமிக்கடியில் பேரழுத்தத்தில் உருவான பாறை, மேலிருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டு வெளியே வரும்போது, பாரம் நீங்கியதால் விரிந்து, வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காக விரிசல் விடுகிறது. மொட்டைப் பாறைக்குன்றுகளின் சரிவில் பெரும் பலகைகள் கழன்று கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்தின் ஹிரேபெணகல்லில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் நிற்கின்றன. அவற்றுக்கான பலகைகள் அங்கேயே, பக்கத்துப் பாறையிலிருந்தே எடுக்கப்பட்டவை. கல்லைத் தூக்கிக்கொண்டு இடம் தேடாமல், கல் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்று கட்டினார்கள்.

இயற்கை விரிசல் போதாத இடத்தில் தீ துணை செய்யும். பாறையின் மேல் விறகை எரித்தால் மேலடுக்கு சூடேறி விரியப் பார்க்கும்; அடியில் உள்ள குளிர்ந்த பாறை விடாது; அந்த இழுபறியில் இரண்டுக்கும் நடுவே கிடையாக விரிசல் ஓடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூர் அருகே கல் உடைப்போர் இப்படித் தீயை மெல்ல மெல்ல நகர்த்தி, ஏறத்தாழ அரையடி கனமுள்ள அகன்ற பலகைகளைப் பிரித்தெடுத்தது பதிவாகியிருக்கிறது. தீயை எப்போது நகர்த்துவது என்பதைப் பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்டே முடிவு செய்தார்கள். அடியில் பிரிந்துவிட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். என் தந்தையும் சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும்போது முதலில் காதைத்தான் நம்புவார்.

இரும்பும் அவர்களிடம் இருந்தது. தமிழகத்தின் ஈமக்குழிகளில் இரும்புப் பொருள்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் இரும்பு கிடைத்த சூழலின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அறிஞர்கள் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து விவாதித்து வருகிறார்கள். கல்திட்டையின் சுவரில் இருக்கும் வட்டமான இடுதுளையைக் கவனித்துப் பாருங்கள். பலகை உடைந்துவிடாமல் அப்படி ஒரு துளையைக் கொத்தியவர்கள் கைத்திறனில் உங்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

கருங்கல் ஊரிலிருந்து: இழுத்து வந்ததை ஒப்புக்கொள்கிறேன். சுவர்க்கற்களின் மேல் மூடுகல்லை எப்படித் தூக்கி வைத்தார்கள்? சுவர் சாய்ந்துவிடாதா?

தூக்கவே இல்லை என்பதுதான் விடை. ஒரு கல்பதுக்கை கட்டப்படும் முறையைப் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். முதலில் குழி தோண்டித் தரைப்பலகையை இடுகிறார்கள். பிறகு நான்கு சுவர்ப்பலகைகளைக் குழிக்குள் சரித்து இறக்கி, நெம்பி நிமிர்த்துகிறார்கள். அந்த நான்கையும் நம் தீப்பெட்டிபோல மூலைக்கு மூலை பொருத்துவதில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வில் இந்த அமைப்பு தெளிவாக வெளிப்பட்டது. இதன் பயனை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த, ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையின் விளிம்பில் சென்று முட்டி நிற்கிறது. நான்கும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. சாந்து இல்லை, ஆணி இல்லை. சாய்க்க வரும் விசையே சாயாமல் காக்கிறது.

இப்போது சுவரின் மேல்விளிம்பு ஏறத்தாழ நிலமட்டத்தில் இருக்கிறது. வெளியே கல்லும் மண்ணும் இட்டு இறுக்கி, உள்ளேயும் மண்ணை நிரப்பிவிட்டால், மூடுகல்லைத் தரையில் இழுப்பதுபோலவே இழுத்து மேலே நிறுத்திவிடலாம். உள்மண்ணைப் பிறகு எடுத்துவிட வேண்டியதுதான். நிலத்துக்கு மேல் நிற்கும் கல்திட்டையானால் சுற்றிலும் மண்சரிவு எழுப்ப வேண்டும். வேலை கூடும், முறை ஒன்றே. ஸ்பெயினில் மெங்கா என்னும் பெருங்கற்கல்லறையின் மூடுகற்களில் ஒன்று ஏறத்தாழ 150 டன். அதன் சுவர்க்கற்களையும் பாறையில் வெட்டிய ஆழமான குழிகளுக்குள் மேலிருந்து இறக்கியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று 2024இல் வெளியான ஆய்வு விளக்குகிறது. அதனால் மூடுகல்லை உயரத்துக்கு ஏற்றும் தேவை பெரிதும் குறைந்தது.

நாகர்கோவிலிலிருந்து: ராட்சதர்களோ வேற்றுக்கிரகத்தவரோ கட்டியதாக வரும் காணொளிகளை என் மகன் நம்புகிறான். 'பாண்டவர் குழி' என்ற பெயரும் உண்டே?

பாண்டவர் குழி, வாலியர் வீடு, முனியறை ஆகியவை கட்டியவர்களின் நினைவு அழிந்த பிறகு, பின்னால் வந்த மக்கள் அன்போடு இட்ட பெயர்கள். ஓர் ஊரில் பேருருவினரின் வீடு என்கிறார்கள். இன்னோர் ஊரில் குள்ளர்களின் வீடு என்கிறார்கள். உள்ளே கிடைப்பவை நம்மைப் போன்ற மனிதர்களின் எலும்பும், கருப்பு சிவப்புப் பானையும், இரும்புக் கத்தியும், மணிகளும்தான். வேற்றுக்கிரகத்தவர் வந்திருந்தால் அரைகுறையாக வெட்டிவிட்ட கற்களைப் பாறையிலேயே விட்டுச் சென்றிருக்க மாட்டார்கள். துருக்கியின் கோபெக்லி தெபேயிலும் எகிப்தின் அஸ்வானிலும் முடிக்கப்படாத பெருங்கற்கள் இன்றும் பாறையோடு ஒட்டியபடி கிடக்கின்றன. அஸ்வான் தூண் விரிசல் விட்டதால் கைவிடப்பட்டது. தவறியதையும் விட்டுவிட்டு மறுபடி முயன்றதையும் காட்டும் அந்தக் கற்களை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள் அம்மா.

அருமனையிலிருந்து: நம் இலக்கியத்தில் இதற்குச் சான்று உண்டா?

உண்டு. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைச் சொல்கிறது. கல்லைத் தேடிக் கண்டடைவதே முதல் நிலை என்பதைக் கவனியுங்கள். மேலே நான் பாறையைப் பற்றிச் சொன்னதோடு அது பொருந்துகிறது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இதே வரிசையில் பாடுகிறது. இறந்தோரைச் சுடுதல், இடுதல், தாழியில் (பெரிய மண்பானையில்) கவித்தல் எனப் பல முறைகளை மணிமேகலை அடுக்கிச் சொல்கிறது. தாழி செய்யும் குயவரை விளித்துப் பாடும் புறநானூற்றுப் பாடல்களும் இருக்கின்றன. நமக்கு அருகில், ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை பெரும்பாலும் இத்தகைய தாழிகளே.

குலசேகரத்திலிருந்து: எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், பழைய பாதையருகே, நட்ட இரண்டு கற்களின் மேல் ஒரு நீளக்கல் கிடக்கிறது. அது கல்திட்டையா? அடியில் தோண்டிப் பார்க்கலாமா?

நீங்கள் சொல்லும் வடிவமும் பாதையருகே இருப்பதும் சுமைதாங்கியையே காட்டுகின்றன. தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க, ஆள் உயரத்துக்கு அமைத்த கல் அது. கல்திட்டைக்கு மூன்று பக்கமாவது பலகைச்சுவர் இருக்கும். மேலே நீண்ட தூலம்போல அல்லாமல் அகன்ற பலகை மூடியிருக்கும். பெரும்பாலும் சுற்றிலும் கல்வட்டம் தெரியும். கல்லின் விளிம்பையும் பாருங்கள். வரிசையான வட்டத் துளைகளின் பாதி தெரிந்தால் இயந்திரத்தால் துளையிட்டு உடைத்த அண்மைக்காலக் கல். மேற்பரப்பில் எழுத்து இருக்கிறதா என்று மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது.

தோண்ட வேண்டாம். அது எதுவாக இருந்தாலும், மண்ணடுக்கு கலைந்துவிட்டால் காலத்தைக் கணிக்கும் வழி போய்விடும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மண்ணில் பழம்பொருள் ஏதேனும் தென்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. படங்களை எனக்கும் அனுப்புங்கள். தூலக்கல்லின் இரு முனைகளும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.