விடியும் முன் கண்ணாடி பார்க்கும் அக்காவும் தங்கையும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் நாகர்கோவிலில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். தங்கை தக்கலையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு வந்த சில ஆண்டுகளில் எங்கள் இருவருக்கும் மேலுதட்டிலும் தாடையிலும் கருகருவென முடி வளரத் தொடங்கியது. அம்மா எழுவதற்கு முன், ஒருத்தி கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க மற்றவள் சவரம் செய்துகொண்டு, பிளேடைப் பழைய பவுடர் டப்பாவுக்குள் ஒளித்துவைப்போம். பாட்டி சொன்ன கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையை வைத்து, எங்களுக்குள் ‘பெரிய நீலி’, ‘சின்ன நீலி’ என்று அழைத்துச் சிரித்துக்கொள்வோம். இப்போது தங்கை சிரிப்பதில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு வர மறுத்தவள், “நான் நெசமாவே பேய்தானே அக்கா” என்றாள். என்னைப் பெண் பார்க்க வரும் பேச்சும் வீட்டில் தொடங்கியிருக்கிறது. அவளிடம் நான் என்ன சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உடம்பைப் பற்றி முதலில் பேசிவிடலாம். ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோன் எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது; அது கூடினாலோ, முடியின் வேர்கள் அதற்கு மிகையாக எதிர்வினை காட்டினாலோ இவ்வாறு முடி வளரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எனப்படும் பிசிஓஎஸ். அது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால் அக்கா, தங்கை இருவருக்கும் இருப்பதில் வியப்பில்லை. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்பதையும் கவனித்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். சவரம் செய்வதால் முடி அடர்த்தியாகும் என்பது வெறும் பேச்சு. ஆனால் குரல் தடித்தாலோ, சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவினாலோ தாமதிக்க வேண்டாம்.

நீலி விளையாட்டை நான் குறையாகப் பார்க்கவில்லை. வெளியில் சொல்ல முடியாததைத் தாங்க இரு சிறுமிகள் கண்டுபிடித்த வழி அது, நல்ல வழியும்கூட. இருவர் சேர்ந்து சிரித்தவரை விளையாட்டாக இருந்த பெயர், தங்கை தனியே சுமக்கும்போது அவளைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது; ஒவ்வொரு விடியலிலும் அந்த ஒளித்துவைத்தல் அத்தீர்ப்பை உறுதிசெய்கிறது. “நீ அழகுதான்” என்று சொன்னால் நம்பமாட்டாள், ஏனெனில் நீங்களும் ஒளிந்துதான் சவரம் செய்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். உங்கள் பயத்தையே அவளிடம் சொல்லுங்கள். கதையில் நீலி அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண். உங்கள் பக்கத்தில் அவளையே இசக்கி அம்மன் என்றும் வணங்குகிறார்கள்; இசக்கி என்றால் நடுங்குகிறவர்களே பிள்ளை வரம் கேட்டு அவளுக்குத் தொட்டில் கட்டவும் செய்கிறார்கள். தங்கை எடுத்துக்கொண்டது நடுங்கும் பாதியை மட்டுமே. நீலிக்கு என்னதான் வேண்டுமாம் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

அவள் சம்மதித்த பிறகு, இருவரும் சேர்ந்து அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் முதலில் பதறலாம், மஞ்சள் பூசாததைக் குறை சொல்லலாம். அவரும் தம் இளமையில் இதையே மறைத்தவராக இருக்கக்கூடும், அப்படிப்பட்ட அம்மாக்கள் குறைவில்லை. சவரம் செய்வதும் விடுவதும் தங்கையின் விருப்பம். செய்தால் விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யட்டும். கல்யாணத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். சாப்பிடாமல் கிடந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்றாலோ அன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள்; தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பெண் பார்க்கும் பேச்சைப் படிப்பு முடியும்வரை தள்ளிவைக்கும்படி, அம்மாவிடம் பேசும் அதே வேளையில் கேட்டுவிடுங்கள்.