பிற்கால ரோமானியப் படையில் ஒரு லெஜியனுக்கு, அதாவது ஒரு பெரிய காலாட்படைப் பிரிவுக்கு, எத்தனை பேர்? 5,000 என்கிறார்கள், 1,000 என்கிறார்கள், எது சரி?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கி.பி. 300ஐ ஒட்டிய பேரரசர்கள் டயோக்ளீஷியன், கான்ஸ்டன்டைன் காலம் என்றால் சுமார் 1,000 முதல் 1,500 வரை என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. 5,000 என்பது அவர்களுக்கு வெகு முன்னால் ஆண்ட அகஸ்டஸ், டிராஜன் காலத்து லெஜியன்.

இதே எண்ணுக்காக ஒரு மேடையில் தோற்றவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராணுவத்தில் 17 வருடம் கிளார்க்காக இருந்தேன். காலையில் முதல் வேலை பரேட் ஸ்டேட், அதாவது அன்றைய ஆள்கணக்குத் தாள், போடுவது. தாளின் தலைப்பில் ஒரு பெரிய எண் இருக்கும். யூனிட்டுக்கு அனுமதிக்கப்பட்ட ஆள்பலம் அது. லீவில் போனவர், கோர்ஸ் போனவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர், வேறு யூனிட்டுக்கு அட்டாச்மெண்டில் போனவர் என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் நிற்கும் எண்ணுக்குத்தான் உலையில் அரிசி விழும். மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்து நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

ஓய்வுக்கு அப்புறம் ரோம வரலாறு படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது போர்கள் அல்ல, இந்தக் கணக்குதான். எகிப்தின் பனோபொலிஸ் பகுதிப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் கி.பி. 300ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா உத்தரவுகள் இருக்கின்றன. படைப்பிரிவின் பெயரும் தொகையும்தான் இருக்கும், ஆள் எண்ணிக்கை இருக்காது. தலைக்கு இவ்வளவு என்று நாம்தான் வகுக்க வேண்டும். அப்படி வகுத்ததில் ஒரே குதிரைப்படைப் பிரிவுக்கு ஓர் ஆய்வாளருக்கு 350 பேருக்கு மேல் வந்தது, இன்னோர் ஆய்வாளருக்கு 120 பேருக்குப் பக்கத்தில் வந்தது. தலைக்கு எவ்வளவு சம்பளம் என்று வைத்துக்கொண்டதில்தான் இருவருக்கும் வித்தியாசம். பில் போட்டுப் பழகிய கைக்கு இது எவ்வளவு பெரிய விருந்து!

போன வருடம் ஒரு வினாடி வினாவில் நானும் என் மகளும் ஓர் அணி. கான்ஸ்டன்டைன் காலத்து லெஜியனில் எத்தனை வீரர்கள் என்று கேட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் என்றேன். தவறு, 5,000 என்றார் நடத்தியவர். நான் எழுந்து லெஜ்ஜூன் கோட்டையைச் சொன்னேன். ஜோர்டானில் 300 வாக்கில் நான்காம் மார்ட்டியா லெஜியனுக்கென்று கட்டியது. மதிலுக்குள் இருக்கும் மொத்த இடமே சுமார் 4.6 ஹெக்டேர், பதினோரு ஏக்கர் சொச்சம். பழைய லெஜியன் கோட்டைகளோ 20 ஹெக்டேர் அளவு. "இதற்குள் ஐயாயிரம் பேரை எங்கே படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "சார், நீங்க எங்க செக்யூரிட்டியா இருக்கீங்க?" என்றார். அறிமுகத்தில் நான் முன்னாள் ராணுவத்தினன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

முன்னாள் ராணுவத்தினன் என்றால் ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருபவன் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை, என்னோடு இருந்தவர்கள் கௌரவமாகச் செய்கிறார்கள். ஆனால் ஸ்டோர், கணக்கு, சிக்னல், மெக்கானிக் என்று ஆயுள் முழுக்கப் படித்த தொழிலை இங்கே ஒருவரும் கேட்பதே இல்லை. நேர்முகத்துக்குப் போனால் முதலில் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். என் மகள் முன்னால் அந்தக் கேள்வி வந்தது இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லா லெஜியனும் ஒரே அளவா என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நோட்டீஷியா டிக்னிடேட்டம் என்ற பிற்கால ரோமானியப் பதவிப் பட்டியலில் மூன்றாம் இட்டாலிக்கா லெஜியன் ரேட்டியா மாகாணத்தில் ஐந்து துண்டாக எல்லைக் காவலில் இருக்கிறது. ஆறாவது துண்டு களப்படையோடு, அதாவது ஓர் எல்லையில் நிற்காமல் போர் நடக்கும் இடத்துக்குப் போகும் படையோடு, சேர்ந்துவிட்டது. ஆறுக்கும் பெயர் ஒன்றே, ஆள்பலம் ஒன்றாக இருந்திருக்காது. அதனால் விடையில் எந்த நூற்றாண்டு, எல்லைப்படையா களப்படையா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.