பிரான்சிலிருந்து வந்த கமடோர் 64-க்கு புதுச்சேரியில் பவர் சப்ளை கிடைக்குமா?

பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி பரணில் இருந்தது, அதன் பழைய பவர் சப்ளையையே போட்டுப் பார்க்கலாமா, இல்லை புதுச்சேரியில் வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பழையதைப் போடாதீர்கள். விளக்கு எரிகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கக்கூட வேண்டாம். அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து இரண்டு வகை மின்சாரம் வருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட் கணினிக்குள் போனதும் தடுப்பு எதுவும் இல்லாமல் நேராக சிப்களுக்குப் போகிறது. பெட்டிக்குள் வோல்டேஜைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் பழசாகிப் பழுதானால் வோல்டேஜ் பெரும்பாலும் குறையாது, ஏறும். அப்படி ஏறினால் மெமரி சிப்கள்தான் முதலில் போகும், கூடவே மற்றவையும் போகலாம். பெட்டியைத் திறந்து ரெகுலேட்டரை மாற்றலாம் என்றால், பெரும்பாலானவற்றில் உள்ளே எபாக்ஸி என்ற கெட்டிப் பசையை ஊற்றி இறுக்கி வைத்திருப்பார்கள். கமடோர் நிறுவனம் 1994-லேயே மூடப்பட்டுவிட்டது. ஒலிக்கான சிட் சிப்பையோ படத்துக்கான விக் சிப்பையோ இன்று யாரும் செய்வதில்லை. பவர் சப்ளையை எப்படியும் செய்துகொள்ளலாம், அந்தச் சிப்களை முடியாது.

அசல் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் ஒன்று கிடைத்தாலும் அதுவும் இதே வயதுதானே!

தேவையானது எல்லாம் டிவி மெக்கானிக்குகள் பாகம் வாங்கும் சாதாரணக் கடையில் கிடைக்கும். 9 வோல்ட் ஏசிக்கு 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள், குறைந்தது 1 ஆம்பியர். நடு வயரையும் ஓரத்து வயர் ஒன்றையும் மட்டும் எடுத்தால் 9 வோல்ட். இரண்டு ஓரத்தையும் எடுத்தால் 18 வந்துவிடும், கவனம். 5 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் தரும் நல்ல எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் வகை பவர் சப்ளை) போதும். இரண்டுக்கும் ஃப்யூஸ் போடுங்கள். 5 வோல்ட் பக்கம் வோல்டேஜ் ஏறினால் வெட்டிவிடும் சின்ன போர்டு ஒன்றும் சேர்த்தால் எனக்கு நிம்மதி. பிரான்சிலும் நமக்கும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், ஏசியை எண்ணி ஓடும் உள்கடிகாரத்துக்கும் பிரச்சினை இல்லை.

கணினியில் செருகும் ஏழு பின் டின் பிளக் (வட்டமான பிளக்) இங்கே கிடைப்பது கஷ்டம். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம், அல்லது பழைய பெட்டியின் வயரை பிளக்கோடு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டுப் பின்கள் பச்சை பூத்திருக்கும், ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். 5-ஆம் பின்னில் 5 வோல்ட், 2-ஆம் பின்னில் கிரவுண்ட், 6-லும் 7-லும் 9 வோல்ட் ஏசி.

அப்புறம், கணினியில் செருகுவதற்கு முன்னால் லோடு கொடுத்து அளக்க வேண்டும். சும்மா மல்டிமீட்டர் வைத்தால் மோசமான சப்ளைகூட 5 வோல்ட் காட்டும். 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டில் இணையுங்கள், ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். நன்றாகச் சூடாகும், கை வைக்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்தும் 4.9-க்கும் 5.1-க்கும் நடுவில் நின்றால் சரி. 230 வோல்ட் பக்கத்து வேலை பழக்கமில்லை என்றால் அதை மட்டும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

பெரியப்பா வீட்டுப் பரணில் ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 என்ற கணினியும் இருக்கலாம், அந்தக் காலத்தில் பிரான்சில் அது அவ்வளவு விற்றது. அதற்கு 5 வோல்ட் டிசி மட்டும் போதும், உருளைப் பிளக்கின் நடுவில் பாசிட்டிவ். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு கணினிக்கோ 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். பிளக் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், தாராளமாக உள்ளே போகும். ஸ்பெக்ட்ரம் அடாப்டரை ஆம்ஸ்ட்ராடில் செருகினால் அதோடு அது போச்சு. அதனால் எந்த அடாப்டர் வாங்கினாலும் அன்றைக்கே அதன் மேல் கணினியின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.