8×42, 10×25: தொலைநோக்கியில் உள்ள இலக்கங்கள் சொல்வது என்ன?

தலங்கம ஏரியில் பறவை பார்ப்பதற்கு, புறக்கோட்டைக் கடையில் கண்ட 10×25, 8×42 ஆகிய தொலைநோக்கிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்கல் குறிக்கு முன்னுள்ள இலக்கம் உருப்பெருக்கத்தையும், பின்னுள்ள இலக்கம் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கின்றன.

பலர் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பதே கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம்: 8×42 இல் 5.25 மில்லிமீற்றர், 10×25 இல் 2.5 மில்லிமீற்றர் மட்டுமே. நண்பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் இவ்வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும் விடியற்காலையிலோ, கண்மணி விரிந்திருக்கும் என்பதால், சிறிய கருவியில் புல்லோடு புல்லாக நிற்கும் குருட்டுக்கொக்கு மங்கலாகவே தெரியும்.

கருவியைக் கைநீளத் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண்வில்லையில் அந்த ஒளிக்கற்றை வெண்பொட்டாகத் தெரியும். அது முழுவட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுண்டு சதுரம் போலிருந்தால், உள்ளிருந்து ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான அரியம் பெரும்பாலும் தரம் குறைந்தது. சில கருவிகளில் இந்த இலக்கங்களுக்குப் பின்வரும் எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், அவற்றை மட்டும் நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

10 மடங்கில் கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும் என்பதால், சற்றுக் கனமாக இருந்தாலும் 8×42 ஐயே வாங்குங்கள்.