அப்பாவின் ஆபரேஷன்: சொந்தக்காரர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது?

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பைபாஸ் ஆபரேஷன். சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லண்டன், கோயம்புத்தூர் என்று நாலா பக்கமும் சொந்தம். போன தடவை குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒரு வரி போட்டேன். ராத்திரி முழுக்க போன் ஓயவில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடு என்றும் கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: யாருக்குத் தெரியலாம், எவ்வளவு தெரியலாம் என்று அப்பாவிடமே இந்த வாரம் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் அன்று கேட்க நேரமிருக்காது.

பெரிய குரூப் இதற்குச் சரிப்படாது. ஒருவர் "என்னாச்சு?" என்றால் பத்துப் பேர் அதையே கேட்பார்கள், நடுவே யாராவது பூண்டு வைத்தியம் ஃபார்வர்ட் செய்வார்கள், நீங்கள் போட்ட தகவல் மேலே போய் மறைந்துவிடும். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸாப்பின் மூன்று புள்ளி மெனுவில் 'நியூ பிராட்காஸ்ட்' இருக்கும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகத்தான் போகும். பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும்.

ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான். லண்டன் சித்தப்பா உங்கள் நம்பரை 0 போட்டு உள்ளூர் நம்பராகச் சேமித்திருந்தால் கிடைக்காது. அந்த 0-வை எடுத்துவிட்டு, தென்னாப்பிரிக்காவின் நாட்டுக் குறியீடான +27 என்று தொடங்க வேண்டும். அதனால் இப்போதே "சோதனை, கிடைத்ததா?" என்று ஒன்று அனுப்பிப் பாருங்கள். பதில் வராதவர்களைக் கூப்பிட்டு நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே மாலை 6 மணி என்றால் கோயம்புத்தூரில் இரவு 9:30. லண்டனில் கோடையில் 5, குளிர்காலத்தில் 4. எல்லோரும் விழித்திருக்கும் நேரம். மெசேஜ் இப்படி இருந்தால் போதும்: "செவ்வாய் மாலை 6. ஆபரேஷன் முடிந்தது. அப்பா ஐசியூவில் இருக்கிறார். இன்று பார்க்க அனுமதி இல்லை. அடுத்த தகவல் நாளை இதே நேரம். போன் வேண்டாம்." அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் போனைக் குறைக்கும். தமிழ் படிக்க வராத சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்கு இதையே ஆங்கிலத்தில் இன்னொரு லிஸ்டில் போடுங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஒரு நிமிட வாய்ஸ் நோட். வீடியோவைவிட டேட்டாவும் குறைவு.

கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும் நாலைந்து பேர் கொண்ட சிறு குரூப் தனியாக இருக்கட்டும். பணம், டாக்டர் சொன்னது எல்லாம் அங்கே. அதில் மெசேஜ் தானாக மறைய 7 நாள் வையுங்கள். மறைவதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ரிப்போர்ட் போட்டோ வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) நம்பரோடு 13 இலக்க ஐடி நம்பரும் இருக்கும். அதன் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. மோசடிக்காரனுக்கு அது போதும். போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்புச்) சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்; சொந்த, வீட்டு விஷயமாகப் பகிர்வதற்கு அது பொருந்தாது. ஆஸ்பத்திரி வாயைத் திறக்காது, ஆனால் மச்சான் ஃபார்வர்ட் செய்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கரண்ட் போய் டேட்டா வராத நேரத்துக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பலாம். தமிழில் ஒன்றுக்கு 70 எழுத்துக் குறிதான், ஆங்கில எழுத்தில் 160. 'கி' என்பதே இரண்டாகக் கணக்காகும்; தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. "Appa nalam" என்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒன்றிலேயே முடிந்துவிடும்.