கையிலிருக்கும் கருவி காட்டிக்கொடுக்குமா? வாசகர் கேள்வி பதில்

எங்கள் அபார்ட்மென்ட்டில் பராமரிப்புக் கணக்கைக் கேட்டு, பெயர் போடாமல் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம் என்றிருக்கிறோம். கலர் பிரின்ட்டில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இருக்கும், அதை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?
வாசகர், நங்கநல்லூர்

பாதி உண்மை. கலர் லேசர் பிரின்டர்களில் பல, தாள் முழுக்க மஞ்சள் புள்ளிகளைச் சேர்த்தே அடிக்கின்றன. புள்ளி ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் வெள்ளைத் தாளில் தெரியாது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2005-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாக்குகலர் இயந்திரப் புள்ளிகளைப் படித்துக் காட்டியது. 15 பத்தி, 8 வரிசை கொண்ட கட்டம். அதற்குள் பிரின்ட் எடுத்த தேதி, நேரம், இயந்திரத்தின் சீரியல் நம்பர். அதே கட்டம் தாளெங்கும் திரும்பத் திரும்ப வருவதால் ஓரத்தை வெட்டி எறிந்தும் பயனில்லை.

நீங்களே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, தாளின் எழுத்தில்லாத பகுதியில் நீல எல்.இ.டி. விளக்கை அடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். நீல ஒளியில் மஞ்சள் கறுப்பாகத் தெரியும். வெள்ளை டார்ச்சில் ஒன்றும் தெரியாது. கறுப்பு டோனர் மட்டும் உள்ள லேசரில் மஞ்சள் புள்ளிக்கு வழியே இல்லை. நோட்டீஸை அதில் அடித்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

ஆனால் புள்ளியில் உங்கள் பெயர் கிடையாது. கடையில் பிரின்ட் எடுத்தால் அந்தக் கடைக்காரரின் இயந்திர எண்ணும் தேதி, நேரமும்தான். சங்கச் செயலாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும், எந்த எண் எந்தக் கடைக்கு விற்றது என்பது விற்ற நிறுவனத்துக்குத்தான் தெரியும். உங்களைக் காட்டிக்கொடுப்பது வேறு. கடையின் வாட்ஸ்ஆப்புக்குக் கோப்பை அனுப்பி, ஜிபேயில் பத்து ரூபாய் கொடுத்தால், உங்கள் நம்பரும் பெயரும் தேதியோடு அங்கே இருக்கின்றன. கோப்பின் ‘ஆத்தர்’ என்ற இடத்தில் உங்கள் லேப்டாப்பில் பதிந்த பெயரும் இருக்கலாம். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் போய் அதை நீக்கிவிட்டு பி.டி.எஃப். ஆக்குங்கள். பென்டிரைவில் கொண்டுபோய், சில்லறையாகக் கொடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்திருந்தால் ரீசைக்கிள் பின் வரை காலி செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ஒட்டப் போகும்போது லிஃப்ட் கேமரா ஒன்று இருக்கிறது.

பழைய ஆண்ட்ராய்டு போனை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுக்கப் போகிறேன். நாளை அதை யாராவது தப்பாகப் பயன்படுத்தினால் என் வீட்டுக்குப் போலீஸ் வருமா? போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.
வாசகர், பெரம்பூர்

மாற்றித் தருகிறேன் என்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம்.

எண் தன்னால் யாரையும் காட்டாது. 15 இலக்கத்தில் முதல் 8 போனின் மாடல், அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட போன், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. ஆனால் எந்த சிம் எந்தப் போனில் ஓடியது என்ற பதிவு நெட்வொர்க் நிறுவனத்திடம் இருக்கும். அதில் உங்கள் சிம் வரும் என்பதால் விசாரணைக்கு அழைப்பு வர வாய்ப்புண்டு. அன்று உங்களுக்குக் கைகொடுப்பது ரசீது. *#06# அடித்தால் வரும் எண்களை (இரண்டு சிம் போனில் இரண்டு எண்), வாங்குபவர் பெயர், அடையாள அட்டை விவரம், தேதி, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் கடைக்கு நூறு இருநூறு அதிகம் கிடைக்கிறதென்று போகாதீர்கள்.

அழிக்கும் வரிசை முக்கியம். முதலில் யு.பி.ஐ. செயலிகளில் கணக்கை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பின்தான் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், போன் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். கடைக்காரர் போன் மேல் போன் போடுவார். அண்மைக் கால போன்களில் தகவல் பூட்டிய வடிவில்தான் இருக்கும், ரீசெட் அதன் சாவியையே அழித்துவிடும். மெமரி கார்டு அப்படியல்ல. அழித்த படங்களையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கார்டைக் கொடுக்கவே வேண்டாம்.

அதே தெருவில் பழைய போன் வாங்குவதானால், காசு கொடுக்குமுன் KYM என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடைசெய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஸ்கூட்டியில் போகிறேன். ‘தெரியாத டிராக்கர் உங்களுடன் வருகிறது’ என்று போனில் இரண்டு நாளாக அறிவிப்பு. என்ன செய்வது?
வாசகி, வேளச்சேரி

முதலில் சாவிக்கொத்தைப் பாருங்கள். தொலைந்த பொருளைத் தேட உதவும் புளூடூத் டேக்கை வீட்டில் வேறொருவர் மாட்டி, அது அதில் தொங்கினாலும் இதே அறிவிப்பு வரும். அது இல்லையென்றால், அறிவிப்பைத் தொட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பேருந்துப் பயணத்தோடு முடிந்திருந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் பையாக இருக்கலாம். உங்கள் ஸ்கூட்டி போன பாதையெல்லாம் வந்திருந்தால் தேட வேண்டியதுதான். ஒலி எழுப்பும் பொத்தானை அழுத்தி, சீட்டுக்கு அடியில், நம்பர் பிளேட்டின் பின்னால், முன்பக்கப் பிளாஸ்டிக் மூடிக்குள் கேளுங்கள்.

ஆப்பிளின் ஏர்டேக் கிடைத்தால் அதன் வெள்ளைப் பக்கத்தை என்.எஃப்.சி. (அருகில் வைத்தாலே தகவலைப் படிக்கும் வசதி) உள்ள போனின் பின்புறம் வையுங்கள். சீரியல் நம்பர் உள்ள இணையப் பக்கம் திறக்கும். உரிமையாளர் போன் எண்ணின் கடைசி 4 இலக்கமும் வரக்கூடும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த சீரியல் நம்பர் ஓர் ஆப்பிள் கணக்கோடு இணைந்தது என்பதால் போலீசுக்கு அதுவே நூல்முனை. ஸ்டீல் மூடியை அழுத்தி இடப்பக்கம் திருகினால் சி.ஆர். 2032 பேட்டரி வந்துவிடும். இதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள்: கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடம் வைத்தவருக்குத் தெரியும். காவல் நிலைய வாசலில் செய்யுங்கள். டேக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதுதான் சாட்சி.

ஒரு எச்சரிக்கை. இந்த அறிவிப்பு புளூடூத் டேக்குகளுக்கு மட்டுமே. சிம் போட்ட ஜி.பி.எஸ். டிராக்கரை இது பிடிக்காது. அது பெரும்பாலும் வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். கம்பெனி வயரிங்கில் இல்லாத கூடுதல் வயர் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோபாவை விற்க இணையத்தில் போட்ட படத்தில் என் வீட்டு முகவரி தெரியுமா?
வாசகி, அண்ணா நகர்

கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக் ஆன் ஆகியிருந்தால் படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு வேறு படம் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

காரை விற்று மூன்று மாதமாகியும் பரனூர் டோல் எஸ்.எம்.எஸ். எனக்கே வருகிறது.
வாசகர், குரோம்பேட்டை

ஃபாஸ்டேக் சிப்பில் உங்கள் பெயர் இல்லை, எண் மட்டுமே. வங்கிதான் அதை உங்களோடு இணைத்து வைத்திருக்கிறது. டேக் கொடுத்த வங்கியில் அதை மூடச் சொல்லி, மீதித் தொகையைத் திரும்பக் கேளுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதால், நீங்கள் மூடினால்தான் புதியவர் தன் பெயரில் வாங்க முடியும். மூடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டோலில் அவரிடம் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.